குந்தவை என்னும் பெயர்

பெற்றோர் தம் பிள்ளைக்கு அளிக்கும் செல்வங்களுள் பெயர் ஒன்றே அப்பிள்ளை கேளாமல் பெறுவது. வேண்டாம் என்று திருப்பித் தரவும் எளிதில் இயலாதது. ஆதலின் பெயரிடுவோர் ஒரு கணமேனும் நின்று எண்ணுதல் வேண்டும். தாய்நாட்டைவிட்டு நெடுந்தொலைவில், தலைநகரின் அரசுக் குடியிருப்புகளில் வாழும் நம்மனோர்க்கு இவ்வெண்ணம் இன்னும் மிகுதியாக வேண்டப்படுவது. நம் பிள்ளைகளின் பெயரை நாள்தோறும் அழைக்கப்போகிறவர்களுள் பெரும்பாலோர் அப்பெயரின் மொழியை அறியாதவர்கள் அல்லரோ!

தஞ்சைப் பெரிய கோயில் எழுந்து ஆயிரம் ஆண்டு நிறைந்ததை நாடு கொண்டாடிய 2010ஆம் ஆண்டில் எங்களுக்கு ஒரு பெண் மகவு பிறந்தது. குந்தவை என்று பெயரிட்டோம். அப்பெயர் இன்று எங்கள் இல்லத்தில் ஒரு வழக்காகவே ஆகியிருக்கிறது. அவ்வழக்கை ஈண்டு அரங்கேற்றுவது நம் நோக்கமன்று. ஆயினும் ஒரு பெயரின் கவர்ச்சி எங்கிருந்து பிறக்கிறது, அரச குலத்திலிருந்தா, புதினத்திலிருந்தா, வேறு எதிலிருந்தா என்னும் வினாவை அவ்வழக்கே நம்முன் வைத்தது. விடை தேடி நாம் புதினத்தையும் மீண்டும் பயின்றோம், கல்வெட்டுகளையும் பயின்றோம். அப்பயிற்சியின் விளைவே இக்கட்டுரை.

தமிழர் பெரும்பாலோர் குந்தவை என்னும் பெயரை முதன்முதலில் அறிந்தது கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வாயிலாகவே என்பதில் ஐயமில்லை. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரந்தோறும் வெளிவந்த அப்பெருங்கதை, மூன்று தலைமுறை வாசகர்க்குச் சோழ நாட்டைக் காட்டிய பலகணியாயிற்று. அக்கதையிலிருந்து எத்தனையோ பெயர்கள் நம் வீடுகளுக்குள் நுழைந்தன. எங்கள் குடியிருப்பிலேயே வானதிகள் மூவர் உளர்; நந்தினிகள் பலர்; பூங்குழலி ஒருத்தியும் உண்டு. ஆனால் குந்தவை எங்கள் மகள் ஒருத்திதான்.

இது சிந்தனைக்குரிய செய்தி. பூங்குழலி கல்கியின் கற்பனையில் பிறந்தவள். பழுவூர் இளையராணி நந்தினியும் அவ்வாறே. வானதி என்பது கொடும்பாளூர் இளவரசிக்கு அவர் தம் கதைக்கென வைத்த பெயர். கல்லில் பொறிக்கப்பெற்று ஆயிரம் ஆண்டாக நிற்கும் மெய்ப்பெயர் குந்தவை என்பதே. கற்பனைப் பெயர்களை உவந்து ஏற்ற தமிழர், மெய்யான அரசகுமாரியின் பெயரை மட்டும் ஏன் தயங்கி விலக்கினர்?

ஓசையே காரணம் என்பர் சிலர். வட ஆர்க்காட்டுப் பக்கம் பிறந்த எம் இல்லத்தரசியார் பெயரைக் கேட்டவுடன் எழுப்பிய தடையும் அதுவே. "எங்கள் ஊரில் குந்து என்றால் உட்கார் என்று பொருள், பிள்ளைகள் கேலி செய்யும்" என்றார். அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. வானதி என்றால் வானத்து நதி, பூங்குழலி என்றால் பூச்சூடிய கூந்தலாள் என்று கேட்ட அளவிலே பொருள் விளங்குகிறது. குந்தவை அவ்வாறு உடனே மனந்திறக்கும் பெயரன்று. அகராதியைப் புரட்டினால் குந்தம் என்பதற்கு எறிவேல் என்றும் பொருள் உண்டு, மல்லிகை இனத்து மலர் என்றும் பொருள் உண்டு. வேலும் மலரும் ஒரு சொல்லில் அடங்கியது கண்டு நாம் மகிழ்ந்ததுண்டு. எனினும் பெயரின் உயிர் அங்கில்லை என்பதைப் பின்னர் உணர்ந்தோம்.

ஓசையினும் ஆழமான காரணம் ஒன்றைப் புதினத்துக்குள்ளேயே காணலாம். கல்கி அவளைப் பெயர் சொல்லி அழைப்பதினும் 'இளைய பிராட்டி' என்று அழைப்பதே நம் செவியில் மிகுதியாக நிற்கிறது. குடந்தைச் சோதிடர் வீட்டில் வந்தியத்தேவன் அவளை முதலில் காணும்போதும், அரிசிலாற்றங்கரையில் பஞ்சடைத்த முதலையின்மீது அவன் வேலெறிந்து நகைப்புக்கு இடமாகும்போதும், அவளுடைய எழிலைக் காட்டிலும் அவளைச் சூழ்ந்துள்ள பெருமிதமே முன்னிற்கிறது. அவள் சிரிக்கிறாள், ஆனால் அவளோடு சேர்ந்து சிரிக்க நமக்குத் துணிவு வருவதில்லை. வானதி மயங்கி விழுகிறாள். பூங்குழலி கடலில் பாடிக்கொண்டு ஓடம் செலுத்துகிறாள். நந்தினி நம்மை அஞ்சவும் இரங்கவும் வைக்கிறாள். குந்தவையோ திட்டமிடுகிறாள், ஓலை எழுதுகிறாள், ஒற்றர் சொல்லை எடைபோடுகிறாள். தம்பியின் திருமணத்தையும் அவளே மனத்தில் முடித்துவைக்கிறாள். இளமையில் நந்தினியிடம் அவள் காட்டிய ஒதுக்கத்தின் கசப்பும் கதை நெடுகிலும் நிழலாகத் தொடர்கிறது. வாசகர் அவளை வியக்கின்றனர். மடியில் கிடக்கும் மகவுக்குப் பெயரிட நினைக்கும் வேளையில் வியப்பு மட்டும் போதுவதில்லை.

கல்கியைக் குறைகூறுவது நம் கருத்தன்று. தம்பிமாரை எடுத்துக் கொஞ்சும் அக்கையாகவோ, மணநாளை எதிர்நோக்கும் மங்கையாகவோ மட்டும் அவளைத் தீட்டியிருப்பாராயின் வேலை எளிதாக முடிந்திருக்கும். அரசியலைச் சிந்திக்கும் ஒரு பெண்ணை, ஆடவர் கூடி முடிவெடுக்கும் மன்றத்தினும் தெளிவாகச் சிந்திக்கும் ஒருத்தியை, வார இதழின் தொடர்கதையில் நான்கு ஆண்டுகள் அவர் நிலைநிறுத்தினார். அஃது அந்நாளில் சிறிய செயலன்று. கல்வெட்டறிஞர்களின் நூல்களுக்குள் உறங்கிய ஒரு பெயரை அடுக்களை வரை கொண்டுவந்தவரும் அவரே. நாம் இக்கட்டுரை எழுதுவதும் அவர் தந்த கொடையால்தான்.

எனினும் ஓரிடத்தில் புதினமும் கல்வெட்டும் பிரிந்து செல்வதை நாம் மறைத்தல் ஆகாது. புதினத்தில் பழையாறையில் குந்தவை ஓர் ஆதுரசாலை நடத்துகிறாள். அரிய மூலிகைகள் வேண்டும் என்னும் பெயரால் வைத்தியர் மகனுடன் வந்தியத்தேவனைக் கோடிக்கரைக்கு அனுப்புகிறாள். மூலிகை வெளிக்காரணம், ஈழத்திலுள்ள தம்பிக்கு ஓலை சேர்ப்பதே உட்காரணம். கதைக்கு இது மிகப் பொருந்துகிறது, விறுவிறுப்பும் கூடுகிறது. ஆனால் மருத்துவசாலை அங்கே ஒரு மறைப்புத் திரையாகிவிடுகிறது.

கல்வெட்டில் அஃது எதற்கும் திரையன்று. தஞ்சையில் இருந்த சுந்தரசோழ விண்ணகர் ஆதுலர்சாலைக்குக் குந்தவை நிவந்தம் அளித்த செய்தி, அவள் தம்பி மகன் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டால் தெரியவருகிறது. அந்நாளில் அவள் இளம்பெண் அல்லள். தந்தையை இழந்து, தமையன் ஆதித்தனை இழந்து, தம்பி ஆண்டு முடித்ததையும் கண்ட முதுபெண். நோயுற்றோர்க்கான சாலைக்குத் தந்தையின் பெயர் வழங்கியது என்பதையும் கருதிப் பார்த்தால், அம்முதியவளின் உள்ளம் நமக்கு ஒருவாறு புலனாகும்.

திண்டிவனத்தை அடுத்த தாதாபுரம் அந்நாளில் இராசராசபுரம் எனப்பட்டது. அவ்வோர் ஊரிலேயே இரவிகுல மாணிக்க ஈச்சுவரம் என்னும் சிவன் கோயிலையும், குந்தவை விண்ணகர் என்னும் திருமால் கோயிலையும், குந்தவை சினாலயம் என்னும் சமணப் பள்ளியையும் அவள் எடுப்பித்தாள். போளூரை அடுத்த திருமலையிலும் அவள் பெயரால் ஒரு சினாலயம் உண்டு. சைவம் தழைத்த அரசகுலத்தில் பிறந்தவள், பிற சமயத்தார் வழிபடும் இடங்களுக்கும் பொருள் ஈந்தாள். அவற்றுக்குத் தன் பெயரையும் ஈந்தாள்.

இனித் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வருவோம். 1010இல் நிறைவெய்திய அக்கோயிலின் சுவரில், தான் கொடுத்தவற்றையும் தன் அக்கன் கொடுத்தவற்றையும் தன் பெண்டுகள் கொடுத்தவற்றையும் பிறர் கொடுத்தவற்றையும் கல்லிலே வெட்டுக என்று இராசராசன் ஆணையிட்ட செய்தி பலரும் அறிந்தது. அவ்வரிசையில் ஒரு நுட்பம் உண்டு. அரசனுக்கு அடுத்த இடம் பட்டத்தரசிக்கு அன்று, அக்கைக்கு. உலகை ஆண்டவன் என்று புகழப்பெற்றவன், தன் கோயிலின் கல்லில், நம் வீடுகளில் நாம் வழங்கும் அதே உறவுச் சொல்லால் அவளைக் குறிக்கிறான். பட்டங்களும் விருதுகளும் நிறைந்த அச்சுவரில் 'அக்கன்' என்னும் அச்சொல் நம் கண்ணை நிறுத்துகிறது.

அவள் கொடுத்தவை யாவை? உமாபரமேசுவரியின் திருமேனிகளை எழுந்தருளுவித்தாள். பொன்மாளிகைத் துஞ்சின தேவர் எனப்பட்ட தன் தந்தை சுந்தரசோழனுக்கும், தன் தாய்க்கும் படிமங்கள் செய்து வைத்தாள். அவற்றுக்குரிய அணிகலன்கள் எடையோடும் எண்ணிக்கையோடும் கல்லில் உள்ளன. முத்துகள் வகைவகையாகப் பிரிக்கப்பெற்று எண்ணப்பட்டுள்ளன. இருப்புப் பதிவேட்டில் நாள் முழுதும் பதிவு செய்து கைநொந்த எழுத்தராகிய நமக்கு, அக்கல்வெட்டின் நடை மிக நெருங்கிய உறவுடையதாகத் தோன்றியது. அங்கே அணி இல்லை, உவமை இல்லை. இன்ன பொருள், இன்ன எடை, கொடுத்தவர் இன்னார், அவ்வளவே. ஒருவரின் அன்பை இத்துணை வறண்ட சொற்களால் இத்துணை உறுதியாகச் சொல்ல இயலும் என்பதை நாம் அங்கேதான் கற்றோம்.

அவள் பெயர் அங்கு எவ்வாறு எழுதப்பெற்றுள்ளது? இராசராசதேவரின் திருத்தமக்கையார், வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார், ஆழ்வார் பராந்தகன் குந்தவையார் என்று. சோழ அரசியரின் பெயர்கள் பலவும் உலகமாதேவி, சோழமாதேவி, பஞ்சவன் மாதேவி என்று பட்டப்பெயர்களாகவே நமக்குக் கிடைக்கின்றன. அவற்றின் பின் நின்ற பெண்ணின் முகம் தெரிவதில்லை. குந்தவை அவ்வாறன்று. அது வீட்டுப் பெயர். தாயும் தந்தையும் அழைத்த பெயர். அப்பெயர் பட்டத்துக்குள் மறையாமல் கல்லேறியது.

அஃது எங்கிருந்து வந்த பெயர் என்று தேடியபோது நமக்கு வியப்பு மிகுந்தது. சுந்தரசோழனின் தந்தையாகிய அரிஞ்சயனின் தேவியருள் வீமன் குந்தவை என்பாள் ஒருத்தி உடையார்குடிக் கல்வெட்டில் காணப்படுகிறாள். நம் குந்தவைக்கு அவள் பாட்டி முறையாவாள். வீமன் என்பது அவள் தந்தையின் பெயர். வேங்கியை ஆண்ட கீழைச் சளுக்கியருள் அப்பெயர் தாங்கிய மன்னர்கள் உண்டு. அதற்கும் முன்னர்க் கங்க மன்னன் முதற் பிருதிவிபதியின் மகளாய்ப் பிறந்து பாணர் குலத்தில் வாழ்க்கைப்பட்ட குந்தவ்வை என்பாளும் கல்வெட்டில் இடம்பெறுகிறாள். அவ்வை என்னும் முதுபெண்டிர் சொல் தமிழுக்கும் கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் பொதுவான உறவுடையது. எனவே, தனித்தமிழ்ப் பெயர் என்று நாம் பெருமிதத்தோடு சூட்டிய பெயர், மும்மொழி நிலத்திலும் நடந்து பழகிய பெயராயிற்று!

கதை அங்கு முடியவில்லை. இராசராசன் தன் மகள் ஒருத்திக்கும் குந்தவை என்றே பெயரிட்டான். அத்தை பெயர் மருமகளுக்கு வந்தது. அந்தக் குந்தவை வேங்கி நாட்டு விமலாதித்தனை மணந்து கோதாவரிக் கரைக்குச் சென்றாள். அவள் மகன் இராசராச நரேந்திரன். தெலுங்கின் முதற்பெருங்கவிஞராகிய நன்னயர் மகாபாரதத்தைத் தெலுங்கில் பாடத் தொடங்கியது இவன் அவையில்தான். இவன் மகனே 1070இல் சோழ அரியணை ஏறிய முதற் குலோத்துங்கன். அக்குலோத்துங்கனின் தங்கையும் குந்தவை. அவள் தன் பாட்டியின் பெயரைத் தாங்கினாள். இராசராசன் குந்தவை ஆழ்வார் என்னும் பெயரோடு அவள் தில்லைப் பெருங்கோயிலுக்கு அளித்த கொடைகளை 1114ஆம் ஆண்டைச் சார்ந்த கல்வெட்டு கூறுகிறது.

வேங்கிக்குப் போன பெயர் இரண்டு தலைமுறை கழித்துத் தில்லைக்குத் திரும்பி வந்ததை எண்ணிப் பாருங்கள். போகும் வழியிலும் வரும் வழியிலும் அப்பெயரைக் காத்தது முடியன்று. முடி தந்தையரிடமும் உடன்பிறந்தாரிடமும் இருந்தது. மறைந்த ஒருத்தியை மறக்க மனமில்லாத வீட்டார், பிறந்த மகவை அவள் பெயரால் அழைத்தனர். பாட்டியும் அத்தையும் அவ்வாறே பேத்தியிடத்தும் மருமகளிடத்தும் வாழ்ந்தனர். நம் ஊர்ப்புறத்து எளிய குடும்பங்கள் இன்றும் செய்வது இதுவே. அரசகுலத்துப் பெயர் என்பதால் நம்மைக் கவர்ந்த ஒன்று, ஆராய்ந்து பார்க்கும்போது குடும்பத்துப் பெயராக நிற்கிறது. அதன் உண்மையான கவர்ச்சி இதில் உள்ளது என்பது நம் துணிபு.

இவ்வளவும் நாம் அறியாமல் சூட்டிய பெயர் என்பதை ஒப்புக்கொள்ளுதல் முறை. நாம் சூட்டியது கல்வெட்டை எண்ணியன்று. இளமையில் நூலகத்திலிருந்து எடுத்து வந்து விடியவிடியப் படித்த ஐந்து பாகங்களையும், அவற்றிலிருந்த மணியம் அவர்களின் ஓவியத்தையும் எண்ணியே. நம் ஆசையைக் குழந்தையின் தலையில் ஏற்றினோம். அதன் சுமையை அவள் சுமந்தாள். பள்ளியில் வருகைப் பதிவு எடுப்போர் 'குந்தவி' என்றனர். 'குண்டவை' என்றோரும் உண்டு. தேநீர் இடைவேளையில் அலுவலக நண்பர்களிடம் நாம் பெருமையோடு சொன்ன பெயர், வகுப்பறையில் அவளுக்கு நாள்தோறும் திருத்த வேண்டிய பிழையாயிற்று.

பின்னர் மணிரத்தினம் இயக்கிய திரைப்படம் 2022இலும் 2023இலும் இரு பாகங்களாக வெளிவந்தது. இந்தியிலும் அது ஒலித்தது. ஒரே நாளில் பெயர் எல்லார்க்கும் தெரிந்த பெயரானது. நம் மனம் குளிர்ந்தது. மகளின் மனம் குளிரவில்லை. "முன்பு என் பெயர் யாருக்கும் வராது, இப்போது சினிமாவைப் பார்த்து வைத்த பெயரா என்று கேட்கிறார்கள்" என்றாள். திரிசா அப்பாத்திரத்துக்கு அழகும் அடக்கமும் சேர்த்தார் என்பதில் மறுப்பில்லை. ஆனால் திரை, பெயருக்கு ஒரே முகத்தை, ஒரே வயதை, ஒரே அணிகலனைப் பூட்டிவிடுகிறது. முதுமையில் மருத்துவசாலைக்கு நிவந்தம் விட்டவளுக்கு அங்கு இடமில்லை. கதையின் காலம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

ஒன்பதாம் வகுப்பில் தேர்வு வாரியத்துக்குப் பெயர்ப் பதிவு செய்யும் வேளை வந்தது. அதில் எழுதும் பெயரே சான்றிதழ்களில் நிற்கும். பெயரை மாற்றிக்கொள்ளலாமா என்று மகள் கேட்டாள். மாற்றக்கூடாது என்று சொல்ல நமக்கு வாய் எழவில்லை. பெயர் அவளுடையது. ஆனால் எதை விடுகிறோம் என்று அறிந்து விடுக என்று கூறி, தஞ்சைக் கல்வெட்டின் செய்தியை எளிய நடையில் ஒரு தாளில் எழுதி அவளிடம் கொடுத்தோம். இளவரசி, வீரம், பேரரசு என்னும் சொற்களை அத்தாளில் வேண்டுமென்றே தவிர்த்தோம்.

படித்துவிட்டு அவள் கேட்ட வினா நாம் எதிர்பாராதது. "பராந்தகன் என்பது யார்?" என்றாள். அவள் தந்தை சுந்தரசோழனின் இயற்பெயர் என்றோம். "அப்படியானால் அவருக்கும் என்னைப்போல் இனிஷியல்தானா?" என்றாள். நாம் திகைத்தோம். வீமன் குந்தவை, பராந்தகன் குந்தவை, இராசராசன் குந்தவை என்று எத்தனையோ முறை எழுதிப் பார்த்தும் நம் கண்ணுக்குப் படாதது அது. குடும்பப்பெயர் என்ன என்று இந்நகரத்துப் படிவங்கள் கேட்கும்போதெல்லாம், தந்தை பெயரின் முதலெழுத்தை வைத்துக்கொண்டு விழிக்கும் ஒரு தமிழ்ப் பெண், ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட கல்லில் தன் வழக்கத்தைக் கண்டுகொண்டாள். பேரரசின் பெருமை அவளைத் தொடவில்லை, இது தொட்டது.

படிவத்தை அவளே நிரப்பினாள். பழைய பெயரையே எழுதினாள். அதனை நம் கட்டுரைக்குக் கிடைத்த வெற்றியாகக் கொள்ள நமக்கு உரிமையில்லை. நாளை அவள் மனம் மாறினாலும் நாம் வியப்பதற்கில்லை.

அரிய பெயர் தேடும் அன்பர்களுக்கு நாம் கூற விழைவது இது. தஞ்சையில் குந்தவை நாச்சியார் பெயரால் ஒரு மகளிர் அரசுக் கல்லூரி உண்டு. ஆண்டுதோறும் எத்தனையோ எளிய குடும்பத்துப் பெண்கள் அப்பெயர் தாங்கிய சான்றிதழோடு வெளிவருகின்றனர். மருத்துவசாலைக்கு ஈந்தவள் பெயர் கல்விச்சாலைக்கு அமைந்தது தக்கதே. உங்கள் மகவுக்கு இத்தகைய பெயரைச் சூட்ட விரும்பினால், தயங்காமல் சூட்டுங்கள். ஆனால் புதினத்தோடு நிறுத்திவிடாமல், அப்பெயருடையாள் என்ன கொடுத்தாள், யாரை நினைத்துக் கொடுத்தாள் என்பதையும் படித்து வையுங்கள். ஒருநாள் அம்மகவு படிவத்தோடு வந்து முன்னிற்கும்போது, அதனிடம் சொல்ல உங்களிடம் ஏதேனும் இருத்தல் வேண்டும்.